வாசலோடு முடியாத சுத்தம்

வெள்ளைக்காரர்களுக்குச் சுத்தம் தெரியாது என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். ஷூவோடு வீட்டுக்குள் நடக்கிறார்கள், கழிவறையில் தண்ணீர் இல்லை, காகிதம்தான் என்று அடுக்குவார்கள். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, அரசு குமாஸ்தாவாக வேலூர்ப் பக்கம் வந்து, இங்கேயே தங்கிவிட்டவன். இரண்டு பக்கமும் ஓரளவு தெரியும் என்பதால் சொல்கிறேன், அந்தப் பேச்சில் பாதிதான் நியாயம்.

செருப்பு விஷயத்தில் நம் வழக்கம்தான் எனக்கும் சரி. கோலம் போடும் வீடானாலும், ஐந்து வேளை ஒளு செய்யும் வீடானாலும், ஆம்பூரில் செருப்புக்கு இடம் வாசலுக்கு வெளியேதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தைத்த ஷூ ஐரோப்பாவுக்குப் போய், அங்கே பல வீடுகளில் நடு ஹால் வரை வருகிறது. அதைத் தைத்த பெண்ணோ தன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைகிறாள்.

ஆனால் தண்ணீர் விட்டுக் கழுவினால்தான் சுத்தம் என்பது சரியல்ல. பிரான்ஸ் குளிர் நாடு. பல வீடுகளில் தரை மரப்பலகை. பக்கெட் தண்ணீரைக் கொட்டினால் பலகை உப்பிவிடும். அதனால் பெருக்கி, பிழிந்த துணியால் துடைப்பார்கள். காலையில் ஜன்னலைத் திறந்து, படுக்கை விரிப்புகளைக் காற்றாட விடுவார்கள். அவரவர் வீட்டுக்கும் குளிருக்கும் ஏற்ற வழக்கம், அவ்வளவுதான்.

நாம் கேட்க மறப்பது வேறு கேள்வி. வீட்டிலிருந்து வெளியேற்றிய அழுக்கு எங்கே போகிறது?

பிரெஞ்சில் குப்பைத் தொட்டிக்கு 'பூபெல்' என்று பெயர். அது ஒரு மனிதரின் பெயர். பாரிஸை நிர்வகித்த யூஜின் பூபெல் என்ற அதிகாரி, வீட்டுக்காரர்கள் மூடி போட்ட தொட்டி வைக்க வேண்டும் என்று 1883இல் உத்தரவிட்டார். குப்பையை மூன்றாகப் பிரிக்கவும் சொன்னார். அதுவரை அங்கேயும் குப்பை தெருவில்தான் கிடந்தது. எதிர்ப்புக்கும் குறைவில்லை. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு விதிகளும் மூன்றாகத்தான் பிரிக்கச் சொல்லியிருந்தன. எத்தனை வீட்டில் நடக்கிறது, நீங்களே சொல்லுங்கள். தினமும் வாசல் தெளிக்கும் வீட்டுக் குப்பைப் பைதான் தெருமுனைக் கால்வாயை அடைக்கிறது.

இதையே பெரிய அளவில் செய்தவை நம் டேனரிகள். தோலைச் சுத்தம் செய்தார்கள், உப்பும் குரோமியமும் கலந்த தண்ணீரை வெளியே விட்டார்கள், அது பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் மறுபடியும் இதே பாலாற்றுக்காக அந்த நீதிமன்றமே பேச வேண்டியிருந்தது. ஆறு உள்ள ஊருக்குக் காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது.

டேனரிக்காரரைத் திட்ட நமக்கு உரிமை உண்டு. ஆனால் வாசலைத் தாண்டினால் என் பொறுப்பில்லை என்ற எண்ணம் அவருக்கு மட்டும் சொந்தமல்ல. செருப்பை வெளியே விடும் பழக்கம் நமக்கு அம்மா சொல்லி வந்தது. குப்பையைப் பிரித்துப் போடும் பழக்கத்தை நம் பேரப்பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.