வில்லங்கத்தில் ஏறாத பாத்தியதை

செந்திலாண்டவன் சந்நிதிக்கு அருகே ஒரு சிறு வீடு வாங்கி, காலையில் கடலாடி, மாலையில் சுவாமி தரிசனம் செய்து மிச்ச நாளைக் கழிக்க வேண்டும் என்பது நம்மில் பலருக்கு உள்ள ஆசை. முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்துச் சேர்த்த பணம் முழுவதையும், வீட்டு அம்மாளின் நகைகளில் பாதியையும் இந்த ஆசையில் போடுகிறவர்கள் உண்டு. அந்தப் பணம் மறுபடியும் சம்பாதிக்கக் கூடியதல்ல. ஆகையால் இந்த வாரம் மிகச் சிறிய விஷயம் ஒன்றைப் பிரஸ்தாபிக்க விரும்புகிறோம். அதன் பெயர் கரையான். திருநெல்வேலிச் சீமையில் 'செல்' என்றும் சொல்லுவார்கள்.

வீடு வாங்கும்போது நம்மவர்கள் காட்டும் ஜாக்கிரதை கொஞ்சமல்ல. மூலப் பத்திரம் பார்க்கிறோம், பட்டா பார்க்கிறோம், முப்பது வருஷ வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம், வக்கீலிடம் அபிப்பிராயமும், ஜோசியரிடம் நாளும் கேட்கிறோம். வாசல் நிலையின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்ப்பவர் மட்டும் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம். கரையானோ தன் பாத்தியதையை எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவு செய்துகொள்வதில்லை.

விற்றவரைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் சட்டத்தையும் சற்றுத் தெரிந்துகொள்வது நலம். 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு, தமக்குத் தெரிந்த முக்கியமான குறையை விற்பவர் மறைக்கக் கூடாது என்கிறது. ஆனால் அது வாங்குகிறவர் சாதாரண ஜாக்கிரதையோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத குறையாக இருக்க வேண்டும். கண்ணுக்கு எதிரே சுவரில் ஓடும் மண் கோட்டைப் பார்க்காமல் விட்டவருக்குச் சட்டம் பரிந்து பேசாது.

என்ன பார்க்க வேண்டும்? கரையான் வெளிச்சத்துக்கும் உலர்ந்த காற்றுக்கும் அஞ்சுவது. பூமியிலிருந்து கிளம்பி, பென்சில் பருமனில் மண்ணால் சுரங்கம் கட்டிக்கொண்டு சுவரில் ஏறும். ஆகவே அலமாரிகளை நகர்த்திப் பாருங்கள். குளியலறைச் சுவரின் மறுபக்கத்தையும், பரண் மூலையையும், மாடிப்படியின் அடியையும் விளக்கு வைத்துப் பாருங்கள். மண் கோடு தென்பட்டால் ஒரு விரற்கடை உடைத்துவிட்டு, நாலைந்து நாள் கழித்து மறுபடி போங்கள். உடைத்த இடம் மூடப்பட்டிருந்தால் உள்ளே குடித்தனம் நடக்கிறது. மூடாமல் இருப்பதனாலேயே குடித்தனம் காலி என்று தீர்மானித்துவிடவும் கூடாது.

மரத்தை மேலே பார்த்து ஏமாறவேண்டாம். செல் உள்ளே தின்றுவிட்டு மேல் தோலை விட்டுவைக்கும். நிலைக்கால்களையும் ஜன்னல் சட்டங்களையும் ஒரு நாணயத்தால் தட்டினால் நல்ல மரம் கணீரென்னும்; அரித்த மரம் பொள்ளென்னும். இந்தப் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் பனங்கை மரங்கள் உண்டு. முற்றிய பனையின் வைரம் எளிதில் அரிபடாது. ஆனால் இளம் பனையையும், நடுவிலுள்ள மெதுவான பாகத்தையும் நம்பக் கூடாது. கைமரத்தில் குண்டூசித் துவாரங்களும், கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் அது செல் அல்ல, உளு, வண்டின் வேலை. அதற்கு வைத்தியம் வேறு.

புது வெள்ளை அடித்த வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும். 2023 டிசம்பரில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்ததும், தாமிரபரணி கரை புரண்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். தண்ணீர் நின்ற சுவரின் ஈரத்தைச் சுண்ணாம்பு மறைக்கும், போக்காது. ஈரம் உள்ள இடமே கரையானுக்கு இஷ்டமான இடம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து ஈசல் கிளம்பியதுண்டா என்று அண்டை வீட்டாரைக் கேளுங்கள். ஈசல் என்பது இறகு முளைத்த கரையானே. வீட்டுத் தரையிலிருந்து ஈசல் புறப்பட்டால் புற்று வெகு தூரத்தில் இல்லை.

செல் இருப்பதாகத் தெரிந்தால் வீட்டையே கைவிட வேண்டுமென்பதில்லை. மண்ணெண்ணெய் ஊற்றுவது கண்ணுக்குத் தெரிந்ததைக் கொல்லும். மண்ணுக்குள் நாள்தோறும் முட்டையிட்டுக்கொண்டிருக்கும் ராணியை ஒன்றும் செய்யாது. கட்டி முடிந்த வீடுகளுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 6313 என்ற எண்ணில் முறை வகுத்திருக்கிறது: சுவரும் தரையும் சேரும் இடத்தில் சுமார் ஓரடிக்கு ஒரு துவாரம் போட்டு, அடி மண்ணுக்குள் மருந்து செலுத்த வேண்டும். தேர்ந்தவர்களைக் கொண்டே செய்விக்க வேண்டிய காரியம் இது. கிணறு அருகில் இருந்தால் அதை முதலிலேயே அவர்களிடம் சொல்லிவிட வேண்டும். இந்தச் செலவையும் மரம் மாற்றும் செலவையும் கணக்கிட்டுக் கிரயத்தில் குறைத்துக் கேட்பது நியாயமே. விற்பவர் சொல்லும் உறுதியை வாய்மொழியாக விடாமல் உடன்படிக்கையில் எழுதி வாங்குங்கள்.

அட்வான்ஸ் கொடுக்குமுன் அனுபவமுள்ள ஆசாரி ஒருவரையும் கொத்தனார் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போய் அரை நாள் செலவிடுங்கள். அவர்களுக்குக் கொடுக்கும் கூலி, வக்கீலுக்குக் கொடுக்கும் கட்டணத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பத்திரத்தில் உள்ள வில்லங்கத்தைக் கோர்ட்டில் தீர்த்துக்கொள்ளலாம். உத்திரத்தில் உள்ள வில்லங்கத்துக்கு அப்பீல் கிடையாது.