பள்ளிக்குள் சென்று பாருங்கள்!

சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்த மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் யந்திரத்தோடு மாரடிக்கும் தொழிலாளியும், சுற்றுக் கிராமங்களில் நாற்று நடும் விவசாயத் தொழிலாளியும் விரும்புவது ஒன்றே: யந்திரத்தின் சூட்சுமத்தைத் தம் பிள்ளை அறிய வேண்டும்.

2022 நவம்பரில் தமிழக சர்க்கார் 'வானவில் மன்றம்' தொடங்கியது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் கையால் செய்து கற்கும் திட்டம் இது. வரவேற்கிறோம். ஆனால் கருவிகளோடு வரும் கருத்தாளர் அடுத்த பள்ளிக்குப் போன பின்? பள்ளிதோறும் நிரந்தர விஞ்ஞான ஆசிரியரும் பரிசோதனைக் கூடமும் இருந்தால்தான் கற்றது நிலைக்கும்.

அதிகாரிகள் பார்வையிட்டுப் போவது மட்டும் போதாது. 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்களே. கூலி போகாத நாளில் கூட்டம் வைக்கச் சொல்லுங்கள். கருவியை நம் பிள்ளையின் கை தொட்டதா என்று கேளுங்கள். ஆசிரியர் இடம் காலியென்றால் ஒன்றுபட்டுக் கோருங்கள். பூட்டிய பெட்டியைத் திறக்க வைப்பது நம் ஒற்றுமையே!