முன்பனி வைகறையில் மிதிவண்டிக் கூட்டம்

பொழுதைப் பெரும்பொழுது, சிறுபொழுது எனப் பகுத்து, அவற்றை நிலத்தோடும் வாழ்வோடும் இணைத்துக் கண்டவர் தமிழர். மலையும் மலை சார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் உரியனவாக்கினார் தொல்காப்பியர். வயலும் வயல் சார்ந்த இடமுமாகிய மருதத்திற்கு வைகறையையும் விடியலையும் வகுத்தார். இவ்விரு நிலங்களும் இவ்விரு பொழுதுகளும் ஒருங்கே கூடும் இடத்தைக் காண விழைவோர், மார்கழியில் வ. புதுப்பட்டிக்கு வருதல் வேண்டும். மேற்கே தொடர்ச்சி மலை. அதன் அடியில் பிளவக்கல் அணைகளின் நீரால் விளையும் நெல்வயல்கள். வயலையும் தோப்பையும் ஒரே போர்வையாய் மூடிக் கிடக்கும் பனி. பள்ளிவாசலிலிருந்து பாங்கொலி எழும். சற்று நேரத்தில் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை எழும். இவ்விரு ஒலிகளுக்கும் இடையே இக்காலத்தில் மூன்றாவதாக ஓர் ஒலியும் கேட்கின்றது. அது மிதிவண்டி மணியோசை.

கிருஷ்ணன்கோவிலிலிருந்து வத்திராயிருப்பு நோக்கி வரும் சாலையில் ஐவராகவும் அறுவராகவும் இளைஞர் சிலர் வைகறையில் மிதிவண்டி ஓட்டிச் செல்வதைக் காண்கிறேன். உடற்பயிற்சிக்காகச் செல்வோர் அவர்கள். இப்பழக்கம் நல்லது, வளரத் தக்கது. எனினும் இக்கூட்டத்தில் ஒரு குறை உண்டு. அதனைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூட்டம் தரும் வலிமை

மிதிவண்டியில் வைகறைப் பயணம் என்பது இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. இராசபாளையத்தில் 1936ஆம் ஆண்டு பி. ஏ. சி. இராமசாமி ராஜா அவர்கள் நூற்பாலையைத் தோற்றுவித்தார். பின்னர் ஆலைகள் பெருகின. காலை முறை வேலைக்குச் செல்லும் தொழிலாளர் சுற்றுவட்டச் சிற்றூர்களிலிருந்து இருள் பிரியுமுன்னே மிதிவண்டியில் புறப்படுவர். சோற்றுப் பாத்திரம் கைப்பிடியில் தொங்கும். தலையில் துண்டு கட்டியிருக்கும். அவர்களும் தனித்துச் செல்வதில்லை. ஊர் எல்லையில் காத்து நின்று, ஒருவரோடொருவர் சேர்ந்தே செல்வர். உடல்நலம் பேணும் நோக்கம் அவர்களுக்கு இல்லை, பிழைப்பே நோக்கம். ஆயினும் கூடிச் செல்வதன் பயனை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

அப்பயன் யாது? நம் பக்கத்துப் பனிக்காலம் காசுமீரத்துப் பனிக்காலம் போன்றதன்று. வைகறையில் வெப்பநிலை இருபது பாகையை ஒட்டி நிற்கும். வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்போர்க்கு அஃது இன்பமே. மிதிவண்டியில் ஏறியவர்க்கோ நிலைமை வேறு. மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர், காற்றே வீசாத காலையிலும், அதே வேகமுள்ள எதிர்க்காற்றைத் தாமே உண்டாக்கிக்கொள்கிறார். பனி ஈரமும் சேர்கையில் காதும் விரல்களும் மரத்துப் போகின்றன. கூட்டமாகச் செல்கையில் முன்னே செல்பவர் அக்காற்றைத் தாங்கிக்கொள்ள, பின்னே வருபவர் அவருடைய மறைவில் வருகிறார். பந்தய வேகத்தில் ஓட்டுவோர், ஒருவர் பின் ஒருவராக நெருங்கிச் செல்கையில் பின்னவர்க்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிஞ்சுகிறது என்பர். நம்மவர் செல்லும் மெல்லிய வேகத்தில் அப்பயன் குறைவே. எனினும் இல்லாமற் போவதில்லை. முன்னவர் களைத்ததும் பின்னவர் முன்னே வருவார். சுமையை முறைவைத்துச் சுமக்கும் இவ்வொழுக்கத்தைப் பாடநூலில் கற்பதினும் சாலையில் கற்பது எளிது.

உடலுக்குக் கிடைக்கும் இப்பயனினும் உள்ளத்திற்குக் கிடைக்கும் பயன் பெரிது. மார்கழிக் காலையில் போர்வையை விலக்கி எழுவது எவருக்கும் அரிய செயல். தெருமுனையில் நால்வர் காத்திருக்கின்றனர் என்னும் எண்ணமே நம்மை எழுப்பிவிடுகின்றது. நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். சங்க இலக்கியம் காட்டும் தைந்நீராடலும் திருவில்லிபுத்தூர் ஆண்டாள் பாடிய பாவை நோன்பும் மகளிர் தோழியரோடு கூடிச் செய்தவை. திருப்பாவையின் பாடல்கள் பல, உறங்கும் தோழியரை வீடுதோறும் சென்று எழுப்புவனவாக அமைந்துள்ளமை நாம் அறிந்ததே. இசுலாமியரும் வைகறைத் தொழுகையைக் கூட்டாகத் தொழுவதையே சிறப்பாகப் போற்றுகின்றனர். தனியொருவர்க்கு அரிதாகும் செயலைக் கூட்டம் எளிதாக்கும் என்பது இவையனைத்திற்கும் பொதுவான உண்மை.

இங்கு ஒரு வினா எழுகின்றது. மார்கழி வைகறையில் கூடிச் செல்லும் மரபு இம்மண்ணில் மகளிர்க்கே உரியதாய்ப் பாடப்பெற்றது. அவ்வாறிருக்க, இன்றைய மிதிவண்டிக் கூட்டத்தில் ஒரு மாணவியையேனும் நான் கண்டதில்லையே, அஃது ஏன்?

புதுக்கோட்டை காட்டிய வழி

'பெண்களுக்கு மிதிவண்டி எதற்கு' என்னும் வினாவிற்கு விடை தந்த மாவட்டம் புதுக்கோட்டை. 1991ஆம் ஆண்டு அங்கு அறிவொளி இயக்கம் தொடங்கப்பெற்றபோது, எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியும் இணைக்கப்பட்டது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் இதற்கு ஊக்கமளித்தார். மிதிவண்டி வாங்க மகளிர்க்கு வங்கிக் கடன் கிடைக்கவும் வழிசெய்தார். கல்லுடைக்கும் தொழிலாளியர், அங்கன்வாடிப் பணியாளர், செவிலியர், ஆசிரியைகள் எனப் பல்லாயிரவர் கற்றனர். கட்டுப்பாடு மிக்க இசுலாமியக் குடும்பங்களைச் சேர்ந்த இளம்பெண்களும் அவர்களுள் இருந்தனர் என்பது நம் வாசகர்கள் கருதத் தக்கது. 1992ஆம் ஆண்டு உலக மகளிர் நாளன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட மகளிர் மிதிவண்டியில் அணிவகுத்து வந்து நகரையே வியப்பில் ஆழ்த்தினர். இதழாளர் பி. சாய்நாத் எழுதிய கட்டுரை வாயிலாக நாடே அதனை அறிந்தது.

அம்மகளிரில் பலர் ஆடவர் ஓட்டும் மிதிவண்டியையே விரும்பினர். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே உள்ள குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்திச் செல்லலாம் என்பதே காரணம். தண்ணீர் எடுக்கவும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும், பேருந்துக்குக் காத்திராமல் இல்லம் திரும்பவும் அவர்களுக்கு மிதிவண்டி உதவியது. ஏளனம் செய்தோர் இல்லாமல் இல்லை. ஒருத்தியை ஏளனம் செய்யலாம். ஓராயிரவரை ஏளனம் செய்ய இயலுமா? கூட்டமே அவர்களுக்குக் கவசமாயிற்று.

பீகார் மாநிலத்திலும் இதே உண்மை வெளிப்பட்டது. அங்கு 2006ஆம் ஆண்டு முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவியர்க்கு மிதிவண்டி வாங்கப் பணம் வழங்கப்பட்டது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகிய பொருளியல் அறிஞர்கள் இத்திட்டத்தை ஆராய்ந்து 2017இல் முடிவை வெளியிட்டனர். உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதில் சேரும் மாணவியர் தொகை 32 விழுக்காடு உயர்ந்தது. ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்தது. மாணவியர் குழுவாகச் சேர்ந்து சென்றமையால் விளைந்த பாதுகாப்பும் இதற்குத் துணைபுரிந்திருக்கும் என்பது அவர்கள் கருத்து.

நின்றுபோன சக்கரங்கள்

தமிழகத்தில் 2001-2002ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டம் தொடங்கியது. பின்னர் அது பிற மாணவ மாணவியர்க்கும் விரிவுபடுத்தப்பட்டது. பள்ளிச் சீருடையில் மாணவியர் வரிசையாக மிதிவண்டியில் செல்லும் காட்சி, அதன் பின்னர் நம் ஊர்களில் இயல்பாயிற்று. வரவேற்கத்தக்க மாற்றமே.

ஆயினும் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் அம்மிதிவண்டிகள் என்னாகின்றன? என் வகுப்பு மாணவியரிடம் இவ்வினாவைப் பலமுறை கேட்டிருக்கிறேன். தம்பி ஓட்டுகிறான் என்பாள் ஒருத்தி. அப்பா தோட்டத்திற்குக் கொண்டுபோகிறார் என்பாள் மற்றொருத்தி. சுவரோரம் சாய்ந்து கிடக்கிறது என்பாள் இன்னொருத்தி. ஓட்டத் தெரியாதவர் எவருமில்லை, ஓட்டுபவரே இல்லை.

காரணம் தெளிவானது. பள்ளிச் சாலையில் அவளுடன் பத்துத் தோழியர் சென்றனர். பள்ளி முடிந்ததும் ஒருத்தி கல்லூரிக்கும், ஒருத்தி ஆலை வேலைக்கும், ஒருத்தி மணவாழ்விற்குமாகப் பிரிகின்றனர். கூட்டம் கலைகிறது, கூட்டம் கலைந்ததும் சக்கரமும் நின்றுவிடுகிறது. அரசு மிதிவண்டியை வழங்கலாம். கூட்டத்தை வழங்க இயலாது. அதனை ஆக்கித் தர வேண்டியவர் நாமே.

மகளை வைகறை இருளில் எப்படி அனுப்புவது எனப் பெற்றோர் அஞ்சுவர். அந்த அச்சம் இழிவானதன்று, அன்பிலிருந்து பிறப்பது. எனினும் அந்த அச்சத்திற்கு மருந்து வீட்டுக் கதவன்று, துணையே. பார்சிலோனா நகரில் 2021ஆம் ஆண்டு முதல் பள்ளிச் சிறுவர் சிறுமியர் பெற்றோருடன் பெருங்கூட்டமாக மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்லும் வழக்கம் பரவியது. அஞ்சிய பெற்றோர் பிள்ளைகளைத் தடுத்து நிறுத்தவில்லை. தாமும் உடன் சென்றனர். குளிரைக் காரணம் காட்டுவோர் பின்லாந்து நாட்டின் ஔலு நகரை நினைக்கலாம். உறைநிலைக்கும் கீழே வெப்பநிலை இறங்கும் அந்நகரில் மாணவர் மிதிவண்டியிலேயே பள்ளி செல்கின்றனர். பனிக்கால மிதிவண்டிப் பயணம் பற்றிய முதல் உலக மாநாடு 2013இல் அங்கேதான் நடந்தது. பனியை அகற்றிப் பாதையைச் செப்பனிட்டுத் தரும் நகராட்சி அங்கே உண்டு. நமக்கோ அகற்ற வேண்டிய பனி உள்ளத்தில்தான் இருக்கிறது.

செய்யத் தக்கவை

எனவே, கல்லூரிகளும் பள்ளிகளும் மார்கழி, தை ஆகிய முன்பனித் திங்கள்களில் வாரம் ஒருமுறையேனும் வைகறை மிதிவண்டிப் பயணத்தை நடத்துதல் வேண்டும். மாணவியர் குழு தனியே அமைந்தாலும் நன்றே. பேராசிரியைகளும் தாய்மாரும் உடன் செல்லட்டும். நாட்டு நலப்பணித் திட்டத்தின் வாயிலாக இதனைச் செய்வது எளிது.

சில நெறிகள் இன்றியமையாதவை. மதுரை-கொல்லம் நெடுஞ்சாலையை அறவே தவிர்த்தல் வேண்டும். மார்கழியில் சபரிமலைக்குச் செல்லும் ஊர்திகள் இரவெல்லாம் ஓடி, விடியலில் அயர்வோடு வரும் சாலை அது. ஊர்களை இணைக்கும் உட்சாலைகளே ஏற்றவை. கிழக்கு வெளுக்கத் தொடங்கிய பின்னரே புறப்படுதல் நலம். முன்விளக்கும் சிவப்புப் பின்விளக்கும் இல்லாத வண்டியைச் சேர்த்தலாகாது. வெளிர்நிற ஆடை அணிந்து, காதை மூடிக்கொள்ள வேண்டும். பனியில் நனைந்த சக்கரத்தில் தடை உடனே பிடிக்காது. ஆதலின் இடைவெளி விட்டுச் செல்ல வேண்டும். முதற் பத்து நிமிடங்கள் மெல்ல ஓட்டி உடலைச் சூடேற்றிக்கொள்ளுதல் நலம். ஆஸ்துமா உடையோர் மருத்துவரைக் கேட்டே வருதல் வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, கூட்டத்தில் மிக மெதுவாக ஓட்டுபவர் யாரோ, அவருடைய வேகமே கூட்டத்தின் வேகமாக இருத்தல் வேண்டும்.

இறுதியில் கூறிய இந்நெறி சாலைக்கு மட்டும் உரியதன்று. பின்தங்கியவரை விட்டுவிட்டு முன்னேறும் சமுதாயம் கூட்டமாகாது; அது சிதறல். மாணவச் செல்வங்களே! வரும் மார்கழியில் நீங்கள் புறப்படும்போது, சுவரோரம் சாய்ந்து கிடக்கும் உங்கள் தமக்கையின், தங்கையின் மிதிவண்டிக்கும் காற்றடித்து வையுங்கள். அவர்களையும் எழுப்புங்கள். பிளவக்கல் மலைமேல் பனி விலகும் வேளையில் ஆணும் பெண்ணுமாய் மணியொலித்துச் செல்லும் கூட்டம் நம் ஊர்ச் சாலைகளில் பெருக வேண்டும் என்பதே என் அவா.