ரசத்தில் உப்பு இல்லை



என் பேத்திக்கு 3 வயது. டேப்லெட்டில் பாட்டு ஓடினால்தான் வாயைத் திறப்பாள். ஊட்டியது பருப்புச் சோறா, ரசஞ்சோறா என்று கேட்டால் தெரியாது, விழுங்குவதோடு சரி. இரண்டு வயதுக்குள் திரையே கூடாது, 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. எங்கள் வீட்டில் சாப்பாட்டு வேளைகளுக்கே இரண்டு மணி நேரம் போய்விடும்.

போன மாதம் சார்ஜர் பழுதானது. புதிது வாங்க வேண்டாம் என்றேன். இரண்டு நாள் ஒரே ரகளை, தட்டுகூடப் பறந்தது. மூன்றாம் நாள் மொட்டை மாடியில் உட்கார்த்தி, காக்காவுக்கு ஒரு பிடி, அவளுக்கு ஒரு வாய் என்று ஊட்டினேன். ஐந்தாம் நாள், "ரசத்துல உப்பு இல்ல பாட்டி" என்றாள். மருமகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ரசம் வைத்தது நான்.

பிள்ளையை மட்டும் சொல்லிப் பயனில்லை. மகனும் இப்போது சாப்பிடும்போது செல்போனை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிடுகிறான். நானும் சீரியலை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஒன்பது மணித் தொடரை மட்டும் அவள் தூங்கிய பிறகு பார்க்கிறேன்.

ஒரு பாட்டி, கும்பகோணம்