சேஸுக்குக் கொடுத்தது சரி, காத்திருந்ததுதான் தவறு

2025 மார்ச் மாதம் சின்சினாட்டி பெங்கால்ஸ் குழு ஜாமார் சேஸின் ஒப்பந்தத்தை மேலும் நான்கு ஆண்டுகளுக்கு நீட்டித்தது. தொகை 161 மில்லியன் அமெரிக்க டாலர். செய்தியைக் கைப்பேசியில் படித்த என் வகுப்புத் தோழன், “பந்தைப் பிடிக்கிற வேலைக்கு இவ்வளவா? பேராசை பிடித்தவன்,” என்றான். அவனுக்கு அமெரிக்கக் காற்பந்து பற்றி அதிகம் தெரியாது. ஆனால் அந்த ஆட்டத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் ரசிகர்களும் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை.

நம்மில் பலருக்குக் காற்பந்து என்றால் லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட்தான். என்எஃப்எல் லீக்கின் இறுதியாட்டமான சூப்பர் பவுல், சிங்கப்பூரில் திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குத் தொடங்குகிறது. பள்ளிக்கும் வேலைக்கும் கிளம்பும் நேரத்தில் அதைப் பார்ப்பவர்கள் குறைவு. எனவே முதலில் ஒரு சிறு விளக்கம். குவாட்டர்பேக் பந்தை எறிவார். ரிசீவர், எதிரணித் தற்காப்பு ஆட்டக்காரர்களிடமிருந்து விலகி ஓடி அதைப் பிடிப்பார். பிடிப்பது அந்த வேலையின் கடைசி நொடி மட்டுமே. எத்தனை அடி ஓடி எங்கே திரும்புவது, எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்து அதை எப்படி மாற்றுவது என்பதில் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே முடிவுக்கு வர வேண்டும். பல நேரங்களில் ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து குவாட்டர்பேக்கின் கையைவிட்டுப் புறப்பட்டிருக்கும். மிகச் சிறந்த ரிசீவரைக் காவல்காக்க எதிரணி இருவரை அனுப்ப வேண்டியிருக்கும். அதனால் பந்தே வராத நேரத்திலும் அவர் மற்றவர்களுக்கு இடம் உண்டாக்கித் தருகிறார்.

அடுத்தது பணம். ஐரோப்பாவின் பெரிய குழுக்களில் பணக்கார உரிமையாளர் இருந்தால் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அமெரிக்காவில் அப்படியில்லை. என்எஃப்எல்லில் 1994 முதல் சம்பள உச்சவரம்பு நடப்பில் இருக்கிறது. 2025 பருவத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் அந்த வரம்பு 279.2 மில்லியன் டாலர். உரிமையாளர் எவ்வளவு பெரிய செல்வந்தராக இருந்தாலும், 53 பேர் கொண்ட குழுவை அதற்குள்தான் நடத்தவேண்டும். 2021 ஆகஸ்ட்டில் லயனல் மெஸ்ஸி கண்ணீரோடு பார்சிலோனாவிலிருந்து விடைபெற்றது நினைவிருக்கலாம். தங்கிவிட அவர் தயாராக இருந்தும், ஸ்பானிய லீக்கின் நிதி விதிகளால் அவரைப் பதிவு செய்ய முடியவில்லை. அப்படிப்பட்ட நெருக்கடி என்எஃப்எல் குழுக்களுக்கு ஆண்டுதோறும் வருகிறது.

‘பேராசை’ என்ற சொல் பொருந்தாததும் இதனால்தான். லீக்கின் வருமானத்தில் ஏறத்தாழ 48 விழுக்காடு ஆட்டக்காரர்களுக்குச் செல்ல வேண்டும் என்பது தொழிற்சங்கத்துடன் செய்துகொண்ட உடன்பாடு. உச்சவரம்பு மட்டுமல்ல, குறைந்தபட்சச் செலவுக்கும் விதி உண்டு. சேஸ் பெருந்தன்மையோடு பத்து மில்லியனை விட்டுக்கொடுத்தால் அரங்கில் நுழைவுச்சீட்டின் விலை குறையப் போவதில்லை. அந்தப் பணம் வேறோர் ஆட்டக்காரருக்குப் போகும், அல்லது உரிமையாளரிடமே சில காலம் தங்கும். ரசிகருக்கு ஒரு காசும் வராது. அப்படியிருக்க, கோடீஸ்வர உரிமையாளரைக் கேட்காத கேள்வியை ஓடி அடிவாங்குபவரிடம் மட்டும் ஏன் கேட்கிறோம்?

சரி, ஆசையை ஒதுக்கிவிட்டுக் குழுவின் பக்கம் இருந்து பார்ப்போம். நட்சத்திர ரிசீவரைத் தக்கவைக்கக் கூடாது என்று வாதிடுபவர்கள் எல்லாரும் சுட்டிக்காட்டும் உதாரணம் ஒன்று உண்டு. 2022 மார்ச்சில் கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் குழு, லீக்கிலேயே மிக வேகமானவர்களுள் ஒருவரான டைரீக் ஹில்லை மயாமி டால்ஃபின்ஸுக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்குக் கிடைத்தவை, ‘டிராஃப்ட்’ எனப்படும் புதுமுகத் தேர்வில் ஐந்து வாய்ப்புகள். மயாமி ஹில்லுக்கு நான்கு ஆண்டுகளுக்கு 120 மில்லியன் டாலர் கொடுத்தது. ஹில் ஏமாற்றவும் இல்லை. முதல் பருவத்தில் 1,710 யார்டு, 2023இல் லீக்கிலேயே ஆக அதிகமாக 1,799 யார்டு. ஆனால் அந்த இரண்டு பருவங்களிலும் மயாமி நாக்அவுட் சுற்றில் ஓர் ஆட்டத்தில்கூட வெல்லவில்லை. அவரை அனுப்பிவிட்ட சீஃப்ஸ் இரண்டு முறையும் சூப்பர் பவுல் கிண்ணத்தை ஏந்தியது.

இதில் நான் மிகவும் ரசிக்கும் கிளைக்கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மயாமியிடமிருந்து பெற்ற முதல் சுற்று வாய்ப்போடு வேறு சிலவற்றையும் சேர்த்துக் கொடுத்து, சீஃப்ஸ் டிரென்ட் மெக்டஃபி என்ற தற்காப்பு இளையரைத் தேர்ந்தெடுத்தது. 2023 நவம்பரில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் இரு குழுக்களும் மோதின. பந்தைப் பிடித்து ஓடிய ஹில்லின் கையிலிருந்து அதைத் தட்டிவிட்டவர் அதே மெக்டஃபிதான். சிதறிய பந்தை எடுத்த சீஃப்ஸ் ஆட்டக்காரர் சக வீரருக்குக் கொடுக்க, அவர் எல்லைவரை ஓடி டச்டவுன் எடுத்தார். சீஃப்ஸ் 21-14 என வென்றது. இரண்டே மாதங்களில், கழிவு 20 டிகிரி செல்சியஸ் குளிரில், நாக்அவுட் சுற்றில் மீண்டும் சந்தித்தபோது 26-7. திரைக்கதை எழுதுபவர்கூட இப்படி எழுதத் தயங்குவார்.

ஆனால் இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஒன்றை எளிதாக மறந்துவிடுகிறார்கள். சீஃப்ஸில் பந்தை எறிந்தவர் பேட்ரிக் மஹோம்ஸ், பயிற்றுவிப்பாளர் ஆண்டி ரீட். மஹோம்ஸ் எறிந்தால் நடுத்தர ஆட்டக்காரர்களும் நல்லவர்களாகத் தெரிவார்கள். இதே பண்டமாற்றில் கிடைத்த பங்கைக் கொண்டு சீஃப்ஸ் எடுத்த புது ரிசீவர் ஸ்கை மோர் பெரிதாகச் சோபிக்கவில்லை. அதையும் அந்தக் குழுவால் தாங்க முடிந்தது. எல்லாக் குழுக்களாலும் தாங்க முடியுமா?

டென்னசி டைட்டன்ஸ் குழுவைக் கேட்டால் தெரியும். அதே 2022 ஏப்ரலில், புதுமுகத் தேர்வு நடந்த இரவில், டைட்டன்ஸ் தன் சிறந்த ரிசீவர் ஏ.ஜே. பிரவுனை ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு விற்றது. ஈகிள்ஸ் அவருக்கு நான்கு ஆண்டுகளுக்கு 100 மில்லியன் டாலர் தந்தது. கைக்கு வந்த 18ஆவது வாய்ப்பில் டைட்டன்ஸ் டிரெய்லன் பர்க்ஸ் என்ற இளம் ரிசீவரை எடுத்தது. விலை உயர்ந்தவருக்குப் பதிலாக மலிவான புதியவர். தாளில் எழுதிப் பார்த்தால் அழகான கணக்கு. அந்தப் பருவத்தில் பிரவுன் எடுத்தது 1,496 யார்டு, 11 டச்டவுன். பர்க்ஸ் எடுத்தது 444 யார்டு. டிசம்பரில் இரு குழுக்களும் மோதியபோது பிரவுன் தன் பழைய குழுவுக்கு எதிராக இரண்டு டச்டவுன் எடுத்தார். ஈகிள்ஸ் 35-10 என வென்றது. இரண்டு நாள் கழித்து டைட்டன்ஸ் தன் பொது மேலாளரைப் பணிநீக்கம் செய்தது. முந்தைய பருவத்தில் 12 வெற்றிகளோடு ஏஎஃப்சி பிரிவில் முதலிடம் பிடித்திருந்த குழு அது. இப்போது கடைசி ஏழு ஆட்டங்களிலும் தோற்றது. பிரவுனுக்குப் பணம் கொடுத்த ஈகிள்ஸ் 2025 பிப்ரவரியில் சூப்பர் பவுலை வென்றது. தோற்கடிக்கப்பட்ட குழு எது தெரியுமா? சீஃப்ஸ்!

ஆகவே, ‘ரிசீவருக்குப் பணம் கொடுக்கலாமா’ என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. அவர் போனால் யார் பந்தை எறியப் போகிறார், அவர் இருந்தால் வேறு எந்த இடம் காலியாகும் என்று பார்க்க வேண்டும்.

இந்தக் கண்ணோட்டத்தில் சேஸின் விவகாரத்துக்கு வருகிறேன். சேஸும் குவாட்டர்பேக் ஜோ பரோவும் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒன்றாக ஆடி 2019 பருவத்தில் தேசிய வெற்றியாளர் பட்டம் வென்றவர்கள். 2021இல் பெங்கால்ஸ் சேஸைத் தேர்ந்தெடுத்தபோது, காயத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த பரோவைக் காக்க ஒரு தற்காப்புச் சுவரைத்தான் எடுத்திருக்க வேண்டும் என்று பலர் வாதிட்டனர். அந்தப் பருவமே பெங்கால்ஸ் சூப்பர் பவுல்வரை சென்றது. அந்த இறுதியாட்டத்தில் பரோ ஏழு முறை வீழ்த்தப்பட்டார் என்பதும் உண்மைதான். இரு தரப்புக்கும் தீனி.

2024 பருவத்தில் சேஸ் 127 முறை பந்தைப் பிடித்து, 1,708 யார்டு, 17 டச்டவுன் எடுத்து மூன்றிலும் லீக்கில் முதலிடம் பிடித்தார். பருவம் தொடங்குமுன் கோடைப் பயிற்சியில் அவர் முகாமுக்கு வந்தும் ஆடாமல் ஓரமாகவே நின்றார். புதிய ஒப்பந்தம் கேட்டார், குழு கொடுக்கவில்லை. பழைய ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன, என்ன அவசரம் என்பது அதன் வாதம். அப்போது உச்சச் சம்பளம் பெற்ற ரிசீவர் மினசோட்டா வைக்கிங்ஸின் ஜஸ்டின் ஜெஃபர்சன். அந்த ஜூன் மாதம்தான் அவர் ஆண்டுக்குச் சராசரி 35 மில்லியன் டாலருக்குக் கையெழுத்திட்டிருந்தார். சேஸுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்திருந்தால் அன்றே விவகாரம் முடிந்திருக்கும் என்பது என் கணிப்பு. ஏழெட்டு மாதம் காத்திருந்ததில் சராசரி 40.25 மில்லியனுக்கு ஏறியது. நான்கு ஆண்டுக் கணக்கில் வித்தியாசம் ஏறக்குறைய 20 மில்லியன். எப்படியும் வாங்கப்போகும் வீட்டுக்கு விலை ஏறும்வரை காத்திருப்பவரை நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்?

ஆட்டக்காரர் முன்கூட்டியே கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. என்எஃப்எல் ஒப்பந்தங்களில் அறிவிக்கப்படும் முழுத்தொகைக்கும் உத்தரவாதம் இருப்பதில்லை. ஜெஃபர்சனின் 140 மில்லியனில் உறுதி செய்யப்பட்டது 110 மில்லியன். ஹில்லின் 120 மில்லியனில் அது இன்னும் குறைவு. 2025 செப்டம்பரில் ஓர் ஆட்டத்தில் ஹில்லின் முழங்கால் மூட்டு விலகி, அவரது பருவம் அந்த இரவோடு முடிந்தது. 25 வயதில் உச்சத்தில் இருப்பவர், நாளை என்ன ஆகும் என்று பார்த்துக் கேட்கிறார். பட்டப்படிப்பு முடித்து முதல் வேலைக்குப் போகும் நாமும் சம்பளம் பேசத் தயங்கக்கூடாது என்று தொழில் வழிகாட்டிப் பட்டறைகளில் சொல்லித்தருகிறார்களே!

பெங்கால்ஸுடன் நான் முழுமையாக முரண்படும் இடம் வேறு. சேஸுக்குக் கொடுத்த அதே வேளையில், இரண்டாவது ரிசீவர் டீ ஹிக்கின்ஸுக்கும் நான்கு ஆண்டுகளுக்கு 115 மில்லியன் டாலர் கொடுத்தது. பரோவின் ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகளுக்கு 275 மில்லியன். இந்த மூவரின் ஆண்டுச் சராசரியைக் கூட்டினால் 124 மில்லியன். கணக்கில் பதியும் தொகை ஆண்டுக்கு ஆண்டு மாறினாலும், 2025இன் உச்சவரம்போடு ஒப்பிட்டால் அது ஏறத்தாழ 44 விழுக்காடு. மிச்சத்தில் 50 பேர். ஹிக்கின்ஸ் திறமைசாலி, மறுக்கவில்லை. ஆனால் 2023, 2024 ஆகிய இரு பருவங்களிலும் 17 ஆட்டங்களில் 12இல் மட்டுமே ஆடினார். மறுபுறம், 2024இல் குவாட்டர்பேக்குகளை வீழ்த்துவதில் லீக்கிலேயே முதலிடம் பிடித்த தற்காப்பு ஆட்டக்காரர் டிரே ஹென்ட்ரிக்சன் பெங்கால்ஸில்தான் இருந்தார். அவருடன் கோடை முழுதும் இழுபறி. கடைசியில் ஓராண்டுச் சம்பள உயர்வோடு சமாளித்தார்கள்.

பெங்கால்ஸ் 2024இல் ஏன் நாக்அவுட் சுற்றுக்குப் போகவில்லை என்று பாருங்கள். பரோ அந்தப் பருவத்தில் லீக்கிலேயே அதிகமாக 43 டச்டவுன் எறிந்தார். அக்டோபரில் பால்டிமோர் ரேவன்ஸுக்கு எதிராகச் சேஸ் 193 யார்டு எடுத்தார். 38 புள்ளி பெற்றும் கூடுதல் நேரத்தில் 41-38 எனத் தோல்வி. நவம்பரில் அதே குழுவுக்கு எதிராக 264 யார்டு, மூன்று டச்டவுன். ஒரு ரிசீவர் ஆடக்கூடிய ஆகச் சிறந்த ஆட்டங்களில் அதுவும் ஒன்று. அதிலும் 35-34 எனத் தோற்றார்கள். பருவம் முடிந்ததும் தற்காப்புப் பயிற்றுவிப்பாளரை நீக்கினார்கள். ஹிக்கின்ஸுக்குப் போன ஆண்டுக்கு 28.75 மில்லியனில் ஹென்ட்ரிக்சனுக்கு நீண்டகால ஒப்பந்தத்தைக் கொடுத்திருக்கலாம், கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்தால் எதிரணி ரிசீவர்களைத் துரத்தத் தெரிந்த இன்னொருவரையும் பிடித்திருக்கலாம்.