திரும்பி வரச் சொல்லும் முன்

தவக்காலம் வந்துவிட்டால் பங்குகளிலும் சபைகளிலும் ஓர் அழைப்பு தவறாமல் கேட்கும்: விலகிப்போனவர்களே, திரும்பி வாருங்கள். கத்தோலிக்கர் ஊதாரி மைந்தன் என்றும் சீர்திருத்த சபையினர் கெட்ட குமாரன் என்றும் சொல்லும் உவமைதான் அதற்குத் துணைக்கு வரும். சொத்தைப் பிரித்து வாங்கித் தூரதேசத்தில் அழித்தவன், தவற்றை உணர்ந்து வீடு திரும்புகிறான். தகப்பன் ஓடிவந்து கட்டிக்கொள்கிறார். ஆனால், சாதியின் பெயரால் ஆலயத்தில் இடம் மறுக்கப்பட்டவருக்கும், முறையிட்டதற்காகவே ஒதுக்கப்பட்டவருக்கும் இந்தக் கதை எப்படிப் பொருந்தும்? அவர்கள் எதையும் அழிக்கவில்லை. வீட்டில் இருந்தவர்கள்தான் அவர்களை வெளியே தள்ளினார்கள். அவர்களையும் இளைய குமாரனின் இடத்தில் நிறுத்தி மனந்திரும்பச் சொன்னால், குற்றம் ஓசையில்லாமல் கைமாறிவிடுகிறது. காயப்பட்டவர் மீண்டும் சபையோடு சேர்வது நல்லதுதான். ஆனால் அது நிபந்தனையோடு நடக்க வேண்டும். நிபந்தனை வைக்கும் உரிமையும் காயப்பட்டவருக்கே உரியது.

தமிழகத் திருச்சபையின் வரலாறே இதற்குச் சாட்சி சொல்கிறது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த ஆலயம், கால்சட்டையின் இரு கால்களைப் போல இரண்டு கூடங்களாகப் பிரிந்து பலிபீடத்தில் வந்து சேரும்படி கட்டப்பட்டது. ஒரு பக்கம் வெள்ளாளர், மறுபக்கம் நாடார் உள்ளிட்ட மற்றவர்கள், நடுவே மதில். சாதி பார்க்காமல் பழகியவர் என்று போற்றப்படும் தேவசகாயம் 1745இல் ஞானஸ்நானம் பெற்றதும் இதே ஊரில்தான். 1910இல் கௌசானல் அடிகளார் அந்த மதிலை இடித்தார். உடனே கொதித்தவர்கள் யார்? மதிலால் அவமானப்பட்டவர்கள் அல்லர், மதிலால் மரியாதை பெற்றவர்கள். தனி இடம் தங்கள் உரிமை என்று வழக்குத் தொடுத்து, சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள் அந்த மதில் நின்றதற்கு இறையியல் காரணம் ஏதும் இல்லை. செல்வாக்குள்ளவர்கள் போய்விடுவார்களோ என்ற அச்சம்தான் காரணம். செல்வாக்கற்றவர்கள் போய்விடுவார்கள் என்ற அச்சம் அதே அளவில் எழவில்லை. அவர்களிடம் பொறுமையைப் போதித்தால் போதும் என்று கருதப்பட்டது. ஒரு சபை யாருடைய வெளியேற்றத்துக்கு அஞ்சுகிறது என்று கவனித்தால், அது உண்மையில் யாருடைய சபை என்பது தெரிந்துவிடும்.

இது பழங்கதை அல்ல. அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் இறையூரில் தலித் கத்தோலிக்கர்கள், ஆலயத்திலும் இறுதி ஊர்வலப் பாதையிலும் தங்களுக்குக் காட்டப்படும் பாகுபாட்டை எதிர்த்துத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அது மோதலாகி, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் உயிரிழந்தனர். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவிலும் சுவர் இருந்தது. இதெல்லாம் மேலிடத்துக்குத் தெரியாமல் நடக்கவில்லை. சாதிப் பாகுபாடு கிறிஸ்தவத்துக்கு முரணானது என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2003இல் தமிழக ஆயர்களிடமே பேசினார். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டு, திருச்சபைக்குள் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. 2022இல் அந்தோணி பூலா கர்தினால் ஆனபோது, அந்த நிலைக்கு வந்த முதல் தலித் என்று பெருமையோடு சொல்லப்பட்டது. அதற்கு முன்பு எத்தனை நூற்றாண்டுகள் ஆயின என்ற கணக்கை மட்டும் யாரும் மேடையில் சொல்லவில்லை.

இறையூர் மக்கள் கேட்டதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் விசுவாசத்தை விட்டுப் போகிறோம் என்று சொல்லவில்லை. எங்கள் பெயரில் ஒரு பங்கு, எங்கள் சாவுக்கும் ஒரு பொதுவழி என்றார்கள். இதைப் பிரிவினை என்று குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கோ, திருச்சபைக்குள் தொடர்ந்து இருக்க விரும்பியவர்கள் வைத்த நியாயமான நிபந்தனையாகத்தான் தெரிகிறது.

மன்னிப்புதானே கிறிஸ்தவத்தின் இதயம், நிபந்தனை போட்டால் அது மன்னிப்பாகுமா என்று கேட்பார்கள். மன்னிப்பதும் திரும்பிச் செல்வதும் வெவ்வேறு செயல்கள். ஒருவர் மனதார மன்னித்துவிட்டு, அதே பங்கின் படியை மிதிக்காமலே இருக்கலாம். மேலும், பாவம் செய்தவர் மனம் வருந்த வேண்டும், அறிக்கையிட வேண்டும், திருந்தும் உறுதி எடுக்க வேண்டும், பரிகாரம் செய்ய வேண்டும் என்று மறைக்கல்வி வகுப்பிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். பத்து வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பதை மறைமாவட்டத்திடம் எதிர்பார்க்கக் கூடாதா? மலைப்பொழிவில், காணிக்கை செலுத்தவந்த இடத்தில் சகோதரனுக்குத் தன்மேல் மனக்குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகச் சொல்கிறார் இயேசு. நடந்து போக வேண்டியவர் குறைக்குக் காரணமானவர்தான். நற்செய்தியில் வரும் சகேயு வெறும் வருத்தம் தெரிவிக்கவில்லை, ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார்.

மனிதரைப் பார்க்காதே, இயேசுவைப் பார் என்பது சபைகளில் அடிக்கடி கேட்கும் இன்னொரு பதில். ஆறுதலாகச் சொல்லப்பட்டாலும் இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. பள்ளி நடத்தியது, மருத்துவமனை கட்டியது, அச்சுக்கூடம் கொண்டுவந்தது எல்லாம் திருச்சபை. அவமதித்தது மட்டும் தனிமனிதர் என்றால், பெருமைக்கு ஒரு கணக்கு, பழிக்கு வேறு கணக்கா? திருச்சபை கிறிஸ்துவின் உடல் என்று கற்பிப்பவர்கள், அந்த உடலின் கை அடித்தபோது அது தங்கள் கை அல்ல என்று சொல்ல முடியாது.

கனமான மறுப்பு வேறொன்று. மதமாற்றத் தடைச் சட்டங்களும் ஆலயத் தாக்குதல்களும் பெருகும் காலத்தில் உள்வீட்டுக் குறையைத் தெருவில் பேசலாமா என்பது அது. இந்த அச்சத்தை எள்ளி நகையாட மாட்டேன். சிறுபான்மையினருக்கு அது அன்றாட அனுபவம். ஆனால் மறைப்பதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடைப்பதில்லை. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்பதே அதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம். சபைக்குள் சாதி இருக்கிறது என்ற ஒப்புதல் அவர்களின் கோரிக்கைக்கு வலுவூட்டும். மௌனம் அவர்களைச் சபையிலும் தோற்கடித்து, அரசு அலுவலகத்திலும் தோற்கடிக்கிறது.

மன்னிப்புக் கேட்டால் மட்டும் போதுமா என்பதற்கு அயர்லாந்தைப் பார்க்கலாம். டப்ளின் உயர் மறைமாவட்டம் குழந்தைகள்மீதான பாலியல் வன்கொடுமைகளை மூடி மறைத்ததை மர்ஃபி அறிக்கை 2009இல் அம்பலப்படுத்தியது. 2011இல் பேராயர் டிர்மட் மார்ட்டின் பாதிக்கப்பட்டவர்களின் பாதங்களைக் கழுவினார். நேர்மையான செயல்தான். எனினும், மக்கள்தொகைக் கணக்கில் தம்மைக் கத்தோலிக்கர் என்று சொன்னவர்கள் 2016இல் 78 விழுக்காடு, 2022இல் 69 விழுக்காடு. இந்தச் சரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், சடங்கு அதைத் தடுக்கவில்லை. சிறுவயதில் குருவானவர் ஒருவரின் வன்கொடுமைக்கு ஆளான மேரி காலின்ஸ், சிறுவர் பாதுகாப்புக்கான வத்திக்கான் ஆணையத்தில் சேர்ந்து உழைத்தார். தீர்மானங்கள் நடைமுறைக்கு வராததால் 2017இல் விலகினார். அவர் சலித்துப்போனது நிறைவேறாத நிபந்தனைகளால்.

அப்படியானால் போகட்டுமே, வேறு சபையா இல்லை என்று நகரத்துக்காரர்கள் எளிதாகச் சொல்வார்கள். அப்படிப் போனவர்களும் உண்டு. மிஷனரி கால்டுவெல் 1849இல் நாடார்களைப் பற்றி எழுதிய நூலால் கொதித்த, அதே சமூகத்தவரான சட்டம்பிள்ளை, 1857இல் பிரகாசபுரத்தில் தனிச்சபையே கண்டார். துணிச்சலான வெளியேற்றம் அது. ஆனாலும் அதிலும் சாதிப் பெருமிதம் கூடவே போனது என்பதை மறுக்க முடியாது. கிராமத்து ஏழைக் கத்தோலிக்கருக்கோ பங்கு என்பது கல்லறை, பள்ளி, திருமணப் பதிவு, உறவுமுறை எல்லாம் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை வேறு கதவைத் தட்டுவதால் அதெல்லாம் கிடைத்துவிடாது. அங்கிருந்து சுயாதீன ஜெப வீடுகளுக்குப் போகிறவர்களுக்கு வேறு சிக்கல்: பாஸ்டர்மேல் புகார் என்றால் கேட்க மேலே யாருமே இல்லாத இடங்கள் அவற்றில் பல.

ஆகவே நிபந்தனைகளை வெளிப்படையாகவே பேசலாம். ஒரே கல்லறைத் தோட்டம், ஒரே வழி, ஒரே வாசல். பங்குப் பேரவையில் ஒதுக்கப்பட்டவர்களுக்கும் முடிவெடுக்கும் இடம். குருவானவர்மேல் வரும் புகாரை அவருடைய நண்பர்கள் விசாரிக்காமல், சபைக்கு வெளியே உள்ளவர்களும் பெண்களும் இருக்கும் குழு விசாரித்து, முடிவை எழுத்தில் தருவது. புகாருக்கு உள்ளானவரை ஓசைப்படாமல் அடுத்த ஊருக்கு மாற்றாதிருப்பது. குழந்தை சம்பந்தப்பட்டதென்றால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது எவருக்கும் கடமை; ஆயருக்கு அதில் விலக்கு இல்லை. இவை நிறைவேறிய பிறகும் சிலர் வர மாட்டார்கள். அவர்களுக்குப் பின்மாற்றக்காரர் என்று பட்டம் சூட்டாமல், அவர்கள் வீட்டுச் சாவுக்கு மணி அடிப்பதையும் அடக்கத்துக்கு இடம் தருவதையும் எப்போதும்போல் செய்ய வேண்டும்.