தீமோர் லெஸ்தே: எண்ணெய்ப் பணத்தை எங்கே போடுவது?



2025ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் கோலாலம்பூரில் தீமோர் லெஸ்தே ஆசியானின் 11ஆவது உறுப்பு நாடாயிற்று. புதிய சந்தை திறந்தது என வணிகர்கள் மகிழலாம். எனக்கோ அந்நாட்டின் வகுப்பறைகள்தாம் முதலில் கண்முன் வருகின்றன. (ஆசிரியர் தொழிலின் பழக்கம், வேறென்ன!)

1999 ஆகஸ்டு 30இல் ஐ.நா. நடத்திய வாக்கெடுப்பில் 78.5 விழுக்காட்டு மக்கள் இந்தோனேசியாவிடமிருந்து பிரிந்து செல்லவே விரும்பினர். அதன்பின் எழுந்த வன்முறையில் வீடுகளோடு பள்ளிக்கூடங்களும் எரிந்தன. இடைநிலைப் பள்ளி ஆசிரியர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர். அவர்களும் ஊர் திரும்பிவிட்டனர். கட்டடமும் இல்லை, கற்பிக்க ஆளும் இல்லை. இந்நிலையில்தான் 2002 மே 20இல் அந்நாடு தன்னாட்சி பெற்றது.

கடலடி எண்ணெயும் எரிவாயுவும் கைகொடுத்தன. 2005இல் பெட்ரோலிய நிதியம் தொடங்கி, வருவாயை அதில் சேர்த்தனர். இன்று 18 பில்லியன் அமெரிக்க டாலருக்கு மேல் அதில் உள்ளது. ஏறக்குறைய 14 இலட்சம் மக்களுக்கு இது சிறு தொகையன்று. ஆயினும் அரசின் செலவில் பெரும்பகுதி அதிலிருந்தே எடுக்கப்படுகிறது. நீடித்து நிற்கும் அளவையும் மீறி எடுக்கப்படுகிறது. அள்ளித் தந்த பாயு உண்டான் வயலோ 2025இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

அடுத்த நம்பிக்கை கிரேட்டர் சன்ரைஸ் வயல். 2018இல் ஆஸ்திரேலியாவுடன் செய்த உடன்படிக்கையின்படி, குழாய் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றால் அரசு வருவாயில் தீமோருக்கு 80 விழுக்காடு. தன் கரைக்கே வந்தால் 70 விழுக்காடு. தன் கரைக்கே வரவேண்டும் என்று அந்நாட்டு அரசு விடாப்பிடியாக நிற்கிறது. அந்தத் தன்மானத்தை நான் மதிக்கிறேன். ஆனால் எரிவாயு ஆலை கட்டி முடிந்தபின் சில நூறு பேருக்குத்தான் வேலை தரும். அவ்வேலைக்கும் பொறியியல் படித்திருக்க வேண்டுமே! இளையோர் பலர் இப்போதே ஆஸ்திரேலியத் தோட்டங்களுக்கும் தென்கொரியத் தொழிற்சாலைகளுக்கும் சென்று வீட்டுக்குப் பணம் அனுப்புகின்றனர்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் ஊட்டமின்றி வளர்ச்சி குன்றியுள்ளனர். பள்ளியில் போர்த்துகீசும் தேத்துமும். வீட்டிலோ பலருக்கு மம்பை, மகசாய் போன்ற வேறு மொழி. தாய்மொழிவழித் தொடக்கக் கல்வியைச் சில மாவட்டங்களில் சோதித்துப் பார்த்தனர். தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் நமக்கு அதன் பயனை விளக்க வேண்டியதில்லை. குழாய்க்குப் பணம் ஒதுக்கும் முன், அத்திட்டத்தை நாடெங்கும் விரிவாக்கவும் மதிய உணவுக்கும் நிதியத்திலிருந்து எடுக்கட்டும் என்பேன். முதலீட்டாளர்கள் காப்பித் தோட்டத்திலிருந்து தொடங்கலாம். எண்ணெய்க்கு அடுத்த முதன்மை ஏற்றுமதி அதுதான்.